கை நனைக்கக் கூடாத ஊர்

எனக்குப் பிடிக்காத ஊர்களை வரிசையாகச் சொன்னால், அதை வைத்தே மலாக்கா முழுவதும் பஸ் விடலாம் என்பார் அப்பா. கேலிக்குச் சொன்னாலும் அதில் பாதி உண்மைதான். பெண் கேட்டு யார் வந்தாலும் நான் மாப்பிள்ளையின் மூக்கையும் முழியையும் விசாரிக்க மாட்டேன். எந்த ஊர் என்றுதான் கேட்பேன். மாப்பிள்ளை விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார். ஊர் எங்கேயும் போகாது. நாள் முழுக்க நான் அதோடுதானே குடும்பம் நடத்த வேண்டும்?

புக்கிட் காத்திலிலிருந்து ஒரு வரன் வந்தது. அப்போது அங்கே மலாய்க்காரர் கிராமமான கம்பமும் பழமரங்களும்தான். மழை பெய்தால் பஸ் வராது, பஸ் வராவிட்டால் அந்த ஊருக்கு அன்றைக்கு உலகமே கிடையாது. வேண்டாம் என்றேன். அலோர் காஜாவில் மத்தியானமே ஊர் கொட்டாவி விடும் என்று கேள்விப்பட்டேன். வேண்டாம். பெம்பான் வரனுக்கு மட்டும் கொஞ்சம் விளக்கமாகவே சொன்னேன். அங்கே மழைக்காலத்தில் தவளை கத்தும். மழை இல்லாத காலத்தில் அந்த மாமியார் கத்துவார். பெண் பார்க்க வந்த அன்றே எங்கள் வீட்டுக் காப்பியில் சீனி போதவில்லை என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போன அம்மாள் அவர்.

அப்பா சாமிக்கண்ணு மலாக்கா டவுனில் ஒரு துணிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுக்கிறவர். கடைக்குப் பின்னால் உள்ள சந்தில்தான் எங்கள் வீடு. எட்டி நடந்தால் பாசார் என்கிற சந்தை, இன்னும் கொஞ்சம் நடந்தால் கடல். இதை விட்டுவிட்டு ஒருத்தி எதற்காக வேறு ஊருக்குப் போக வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ராமாத்தாள் என்ற அம்மாள் கடைக்கு வந்தார். அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன என்னைப் பார்த்தார். வாங்க வந்த புடவையை மறந்துவிட்டு, என் பெயர் என்ன, படிப்பு என்ன என்று அப்பாவிடம் கேட்க ஆரம்பித்துவிட்டார். அவருடைய ஒரே மகன் நாகமுத்து ரப்பர் தோட்டத்து லாரி ஓட்டுகிறாராம். குடிப்பதில்லை, சம்பளத்தை அம்மா கையில் கொடுத்துவிடுவார். எல்லாம் சரி. ஊர்?

புலாவ் செபாங்கைத் தாண்டி உள்ளே போக வேண்டிய மேட்டுத் தோட்டம்.

மலாயாவில் அவசர காலச் சட்டம் இருந்த நாளில் அந்தப் பெயரைச் சொன்னால் துணி வாங்க வந்தவர்கள்கூட ஒரு நிமிடம் திரும்பிப் பார்ப்பார்கள். அது கறுப்புப் பகுதி. காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி சோறுகூடப் போய்விடக் கூடாது என்று அரசாங்கம் தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தது. வீட்டில் அரிசி வைத்திருக்கக் கூடாது. எல்லாருக்கும் ஒரே சமையல்கட்டில் பொங்கி, தலைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுப்பார்கள். சாப்பாட்டை ரோட்டில் தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது. பொழுது சாய்ந்தால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். கம்பி போட்ட நாளிலிருந்து அந்தத் தோட்டத்துப் பெண்கள் கல்யாணமாகி வெளியே போனார்களே தவிர, வெளியிலிருந்து ஒரு பெண்கூட உள்ளே போகவில்லை.

"போயி வீட்டப் பாத்துட்டு வருவோம்" என்றார் அப்பா.

"பாக்க என்னப்பா இருக்கு? கம்பி இருக்கு" என்றேன்.

அப்பா சோற்றுக் கையை உதறினார். "இந்தா ஜானகி, இதுதான் கடைசி. நேர்ல பாத்துட்டு நீ நியாயமான காரணம் சொல்லு, விட்டுர்றேன். உக்காந்த எடத்துலேருந்து ஊர் பேரச் சொல்லி வேணாம்னா, நாளைக்கே பெம்பானுக்கு வாக்குக் குடுத்துருவேன்லா."

பெம்பான் மாமியாரின் குரல் என் காதில் கேட்டது. "சரி, பாக்கலாம். ஆனா நானும் வருவேன்."

"பொண்ணு போயி மாப்பிள்ள வீடு பாக்குறத எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கியா?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டார்.

"இருக்கப் போறவ நான். அப்புறம் நான் பாக்காம யாரு பாக்குறது?"

இன்னொரு காரணமும் இருந்தது. அதை நான் வெளியே சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசி முடியும்வரை ஒருவர் வீட்டில் இன்னொருவர் கை நனைக்க மாட்டோம். கை நனைப்பது என்றால் அந்த வீட்டுச் சோற்றில் ஒரு வாய் சாப்பிடுவது. சாப்பிட்டுவிட்டால் பெண்ணைக் கொடுக்கச் சம்மதம் என்று அர்த்தம். அப்புறம் பேச்சை மாற்றினால் மரியாதை கெட்டுவிடும். தண்ணீர், காப்பி மட்டும் குடிக்கலாம். அப்பாவுக்கு ரோஷமெல்லாம் நிறைய உண்டு. ஆனால் இலை போட்டுவிட்டால் அது எங்கே போகிறதென்று தெரியாது. அந்த வீட்டில் அவர் கை நனையாமல் பார்த்துக்கொண்டால் நான் தப்பித்தேன். நனைந்தால் என் வாழ்க்கை முள்கம்பிக்கு உள்ளே.

அம்மாவுக்கும் அப்பாவின் வயிற்றைப் பற்றித் தெரியும். விடியற்காலையில் எழுந்து புளிச்சோறு கிளறி, முட்டை அவித்து, உருளைக்கிழங்கு வறுத்து, அடுக்குத் தூக்கு முழுக்க அமுக்கி நிரப்பினார். மூன்று பேருக்கு என்று ஆரம்பித்தால் அம்மா கை பத்துப் பேருக்குத்தான் நிற்கும். அம்மா மங்களத்தின் சமையல் என்றாலே அப்படித்தான்.

புலாவ் செபாங் வரைக்கும் பஸ். அங்கிருந்து ஒரு வாடகைக் கார். கார்க்காரர் தோட்டத்துக் கேட்டில் எங்களை இறக்கிவிட்டு, மத்தியானம் வந்து ஏற்றிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, யாரோ துரத்துவதுபோலத் திருப்பிக்கொண்டு போனார்.

கேட்டில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. அதற்குக் கீழே துப்பாக்கியோடு காவல்காரர் சேகரன் நின்றார். தோரணத்தைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். அதைவிட வேடிக்கை கம்பிவேலி. பார்க்கிற தூரம்வரை வேலி முழுக்கப் புடவை. சிவப்பு, பச்சை, கட்டம் போட்டது, பூப்போட்டது. முள் தெரியக் கூடாது என்று லயத்துப் பெண்கள் எல்லாரும் இருக்கிற புடவையை எல்லாம் அன்றைக்கே துவைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. சிலது நனையவே இல்லை.

சேகரன் தூக்கைத் திறந்து மோந்து பார்த்தார். "இது உள்ள போவாதுலா, அண்ணே. சாப்பாடு தடை. புலாவ் செபாங்குலேருந்து எப்படி இங்க வரைக்கும் வந்துச்சுன்னு நான் கேக்கல. திரும்பிப் போறப்ப வாங்கிக்கிங்க."

அப்பா தூக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற மாதிரி இருந்தது அவர் முகம். முனியம்மா என்ற ஒரு பெண் என்னையும் அம்மாவையும் தடுப்புக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சோதித்தார். கேட்டில் பெண்களைத் தடவிப் பார்ப்பதுதான் அவருக்கு வேலை. என் கொண்டையைக்கூட அமுக்கிப் பார்த்தார். "மன்னிச்சுக்க தங்கச்சி. ஊசி நூல் இருந்தாக்கூடப் பாக்கணும்" என்றார். நான் மனத்துக்குள் குறித்துக்கொண்டேன். முதல் காரணம் கிடைத்துவிட்டது.

ராமாத்தாள் வீடு லயத்தின் நடுவில். சாணி மெழுகின தரை, சுவரில் முருகன் படம், பெஞ்சில் இஸ்திரி போட்ட விரிப்பு. தண்ணீர் கொடுத்தார். சோற்றுப் பேச்சையே எடுக்கவில்லை. வழக்கம் தெரிந்தவர். பிறகு நாகமுத்து வந்து எதிரே உட்கார்ந்தார். நல்ல உயரம். கிரீஸ் கறை போகத் தேய்த்துத் தேய்த்துக் கை சிவந்து போயிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போல் இருந்தது. உடனே பார்வையை முருகன் படத்துக்கு மாற்றிக்கொண்டேன்.

"தோட்டம் அமைதியான எடமுங்க" என்று ராமாத்தாள் ஆரம்பித்தார். "காத்து நல்லா வரும்."

"காத்து வரும். வேற எதுவும் வராது" என்றார் நாகமுத்து. "உள்ளதச் சொல்லிர்றேன் ஐயா. அப்புறம் ஏமாத்திட்டோம்னு பேர் வரக் கூடாது. ஆறு மணிக்குக் கேட்டப் பூட்டிருவாங்க. ராத்திரி முழுக்க வேலியில வெளக்கு எரியும், தூக்கம் வராது. வெளிய போனாலும் சோதன, உள்ள வந்தாலும் சோதன. ஆளுக்கு அளந்த சோறுதான். வேலியில தொங்குறது கூட இன்னைக்கு மட்டும்தான். நாளைக்கு வெறும் கம்பி."

ராமாத்தாள் மகனைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும். எனக்கும் ஆத்திரம்தான். ஒவ்வொன்றாக எடுத்து விடலாம் என்று நான் சேர்த்து வைத்திருந்த காரணங்களை எல்லாம் அந்த மனுஷரே சொல்லி முடித்துவிட்டார். இனி நான் என்னத்தைச் சொல்வது?

"அப்புறம் எதுக்குப் பொண்ணு கேட்டீங்க?" என்று நேராகவே கேட்டுவிட்டேன். அம்மா என் தொடையைக் கிள்ளினார்.

"நான் கேக்கல. அம்மா கேட்டாங்க" என்றார் அவர். பிறகு கொஞ்சம் தயங்கி, "இப்பப் பாத்ததுக்கு அப்புறம் நானே கேட்டிருப்பேன்னுதான் தோணுது. ஆனா இங்க வந்து இருன்னு ஒருத்தர்கிட்ட எப்படிக் கேக்குறது?"

அதற்கு நான் பதில் சொல்வதற்குள் சங்கு ஊதியது. லயமே ஒரு நிமிடம் நின்றது. காட்டோரத்தில் பட்டாளம் தேடுகிறதாம். மறு உத்தரவு வரைக்கும் கேட்டுக்கு வெளியே யாரும் போகக் கூடாது என்று ஒருவர் ஒலிபெருக்கியில் மலாயிலும் தமிழிலும் சொல்லிக்கொண்டே போனார்.

பன்னிரண்டு மணி ஆனது. ஒரு மணியும் ஆனது. அப்பா விடியற்காலையில் ஒரு காப்பி குடித்ததோடு சரி. அவர் வயிறு பேச ஆரம்பித்தது. முதலில் மெதுவாக, பிறகு நாங்கள் பேசுவதற்குப் பதில் சொல்கிற மாதிரி. நான் அவர் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, "அப்பா, தண்ணி குடிங்க" என்றேன். குடித்தார். இன்னொரு செம்பும் குடித்தார். பிறகு சமையல்கட்டு மணி அடித்தது. லயத்துக்காரர்கள் சட்டியும் மங்குக் கிண்ணமுமாக வரிசைக்குப் போனார்கள். ராமாத்தாளும் போனார், நாகமுத்துவும் போனார். வெகுநேரம் கழித்து ராமாத்தாள் மட்டும் திரும்பி வந்தார். மூன்று வாழை இலையில் சோறு குவித்து எங்கள் முன்னால் வைத்தார். ஓரத்தில் கொஞ்சம் பருப்பு, கொஞ்சம் கீரை, ஒரு துண்டு கருவாடு.

"நீங்க வழக்கம் பாக்குறவங்கன்னு தெரியும்" என்றார். "ஆனா இது எங்க வீட்ல பொங்குனது இல்ல. பொதுச் சமையல்கட்டுலேருந்து வந்தது. எங்க வீட்ல அரிசியே வச்சிக்கக் கூடாது."

அப்பா கண்ணில் விளக்கு எரிந்தது. "கேட்டியா ஜானகி? இது சர்க்கார் சோறு. சர்க்கார் வீட்டுக்கா நாம பொண்ணு குடுக்கப் போறோம்?"

"அப்பா."

"வழக்கத்துல சர்க்கார் வரவே இல்லம்மா" என்று சொல்லிக்கொண்டே பிசைய ஆரம்பித்துவிட்டார். ஒரு வக்கீல்கூட இவ்வளவு சுருக்காக ஒரு வழக்கை முடித்திருக்க மாட்டார். அம்மா என்னைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், அவரும் உட்கார்ந்துவிட்டார். கருவாட்டு வாசனை மூக்கில் ஏறியது. நான் மட்டும் என்ன கல்லா? சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

கை கழுவக் குழாயடிக்குப் போனபோது அங்கே முனியம்மா நின்றார். இரண்டு கையாலும் தண்ணீரை ஏந்திக் குடித்துக்கொண்டே இருந்தார். நிறுத்தவே இல்லை.

"என்னக்கா, இம்புட்டுத் தாகமா?" என்றேன்.

"தாகம் இல்ல. வயித்த ரொப்புறேன்" என்று சிரித்தார். "சாப்பிட்டியா தங்கச்சி? கருவாடு நம்ம வீட்டுது. நல்லா இருந்துச்சா?"

"உங்க வீட்டுதா? சோறு சமையல்கட்டுலேருந்துன்னு சொன்னாங்களே."

"சோறு அங்கதான் பொங்குறாங்க. ஆனா பேர் பதிஞ்சவங்களுக்குத்தான் அளந்து குடுப்பாங்க. உங்க பேர் அங்க ஏது? விருந்தாடி வந்தவங்க பசியா இருக்காங்கன்னு ராமாத்தா அக்கா வரிசையில சொன்னாங்க. வீட்டுக்கு ஒரு பிடி போட்டோம். அவங்க வீட்டுச் சோறும் முழுசா உங்க எலையிலதான்."

"அப்ப அவரு?"

"நாகமுத்துவா? இன்னைக்குப் பட்டினிதான். வாயத் தொறந்து சொல்ல மாட்டாரு. அதுக்குத்தான் லாரி ஷெட்டுக்குப் போயி உக்காந்துக்கிட்டாரு."

வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது. கம்பி போட்டவர்கள் மேல், அளந்து கொடுக்கிறவர்கள் மேல், பேர் இல்லாதவருக்குச் சோறு இல்லை என்கிற சட்டத்தின் மேல், கடைசியில் முட்டாள்தனமாக, தனக்கென்று ஒரு பிடி வைத்துக்கொள்ளாத அந்த மனுஷர் மேலும். ஊர் பிடிக்கவில்லை என்று சொல்ல வந்தவள் நான். இந்த ஊரை இப்போது உண்மையாகவே வெறுத்தேன். ஆனால் அந்த ஆட்களை விட்டுப் போகக் கால் வரவில்லை.

உள்ளே வந்து அப்பா காதில் சொன்னேன். ஏப்பம் விட வாயைத் திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டார். தன் கையைப் பார்த்தார்.

"ஒரு வீட்ல கை நனைக்கக் கூடாதுன்னு வந்தோம்" என்றார் மெதுவாக. "லயம் முழுக்க நனைச்சிட்டேன்லா." பிறகு என் பக்கம் திரும்பினார். "அது என் வயிறு பண்ணுனது. அத நீ கணக்குல எடுத்துக்காத. வழக்கம் என்ன சொன்னாலும் சரி, நீ வேணாம்னா வேணாம்தான். பெம்பானும் வேணாம். நீயே சொல்லு."

அப்பா இப்படிப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. நான் கேட்க நினைத்தது எல்லாம் கிடைத்துவிட்டது.

வெயில் தாழ்ந்த நேரத்தில் சங்கு மறுபடி ஊதியது. கேட் திறந்துவிட்டது, கார்க்காரரும் வந்து நின்றார். ராமாத்தாள் கேட் வரைக்கும் வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவோமோ என்கிற பயம் அவர் முகத்தில் தெரிந்தது. நாகமுத்து அவர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வெளியே போய்ச் சோதனை முடிந்ததும் சேகரன் எங்கள் தூக்கை நீட்டினார்.

"இத ரோட்ல கொண்டுபோகக் கூடாது அண்ணே. காலையில வந்தது வந்துருச்சு, இப்பப் பட்டாளம் ரோட்ல நிக்குது. ஒன்னு, இங்கயே என் கண்ணு முன்னால காலி பண்ணுங்க. இல்ல, குழி தோண்டிப் புதைச்சிருங்க."

"யாருக்கு இப்பச் சாப்பாடு எறங்கும்? புதைச்சிருங்க தம்பி" என்றார் அப்பா.

நான் தூக்கைப் பிடுங்கிக்கொண்டேன். புளிச்சோறு கெட்டுப் போகாது என்பது எல்லாருக்கும் தெரியும். கம்பிக்கு அந்தப் பக்கம் முப்பது நாற்பது வீடு அரை வயிற்றோடு நிற்கிறது. இந்தப் பக்கம் பத்துப் பேர் சோறு குழிக்குள் போவதா?

"உள்ள கொண்டுபோகக் கூடாது, அப்படித்தானே?" என்று சேகரனைக் கேட்டேன்.

"கூடாது."

"உள்ள இருக்கறவங்க வெளிய வரலாமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "கேட் தொறந்திருக்கு. சோதிச்சிட்டு வரலாம்."

நான் கேட் அருகில் போய்ப் புடவைகளுக்கு நடுவில் நின்றவரைப் பார்த்தேன். "லாரிக்காரரே, கொஞ்சம் வெளிய வாங்க."

அவர் வந்தார். சேகரன் அவரைத் தடவிப் பார்த்து அனுப்பினார். ரோட்டோரத்து வாழையில் ஓர் இலையைக் கிள்ளிப் புல்லில் போட்டேன். தூக்கைத் திறந்து சோற்றை அள்ளி வைத்தேன், முட்டையையும் கிழங்கையும் பக்கத்தில் வைத்தேன். அவர் உட்கார்ந்தார். ஆனால் கை இலைக்கு மேலே நின்றுவிட்டது.

"சாப்பிட்டா என்ன அர்த்தம்னு தெரியும்ல?" என்றார்.

"தெரியாமயா கூப்பிட்டேன்? கைய நனைங்க."

அவர் முகம் என்ன ஆயிற்று என்று எனக்குச் சொல்லத் தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு முதல் கவளத்தை எடுத்தார். எடுத்ததுதான் தாமதம், கம்பிக்குப் பின்னாலிருந்து குலவைச் சத்தம் எழுந்தது. யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியவில்லை. முனியம்மாவாகத்தான் இருக்க வேண்டும். ராமாத்தாள் ஒரு புடவையை வேலியிலிருந்து இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் அம்மா சும்மா நிற்பாரா? இடுப்பில் முந்தானையைச் சொருகிக்கொண்டு தூக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொருத்தியாக வெளியே வந்தார்கள், சோதனை கொடுத்தார்கள், ஆளுக்கு ஒரு பிடி வாங்கி வாயில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். "வாயில இருக்கறதையும் முழுங்கிட்டு உள்ள போங்கலா" என்று சேகரன் பின்னாலேயே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசிப் பிடியை அம்மா அவர் கையிலேயே வைத்தார். அவர் இரண்டு பக்கமும் ரோட்டைப் பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

காரில் திரும்பும்போது அப்பா காலித் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். புலாவ் செபாங் கடைகள் தெரிய ஆரம்பித்ததும் தொண்டையைக் கனைத்தார்.

"ஊர் எப்படிம்மா இருக்கு?"

"மனுஷர் இருக்கக் கூடிய ஊரே இல்லப்பா" என்றேன். "சீக்கிரமா ஒரு நல்ல நாள் பாருங்க."